வாக்கிங் பலிஸ்டா: எந்த விலையிலும் கட்டுப்படியாகாத சீட்டை எல்லோரும் ஏன் வைத்திருக்கிறார்கள்?

மூன்றாம்நிலம் எழுதியது:

மேஜிக்: தி கேதரிங் ஆடும் நண்பர்களுக்கு வணக்கம். 2017 ஜனவரியில் வெளியான ஈதர் ரிவோல்ட் தொகுப்பில் வந்த வாக்கிங் பலிஸ்டா சீட்டைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. சீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது 0/0 அளவுள்ள (தாக்கும் வலிமை 0, தாங்கும் வலிமை 0) இயந்திர உயிரினம். எக்ஸ் என்ற எண்ணை நாமே முடிவுசெய்து, அதன் இருமடங்கு மனாவை (சீட்டுகளை இறக்கச் செலவழிக்கும் சக்தி, பெரும்பாலும் நிலச் சீட்டுகள் தருவது) செலுத்தி இறக்க வேண்டும். எக்ஸ் எத்தனையோ அத்தனை +1/+1 கவுண்டர்களோடு (இரு வலிமையையும் ஒவ்வொன்று கூட்டும் அடையாள வில்லைகள்) அது களத்துக்கு வரும். பிறகு நான்கு மனா செலுத்தும்போதெல்லாம் மேலும் ஒரு கவுண்டர் ஏறும். ஒரு கவுண்டரைக் கழற்றினால், நாம் விரும்பிய இலக்குக்கு 1 சேதம் விளையும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எந்த இடத்திலும் இது கட்டுப்படியாகவில்லை. இரண்டு மனாவுக்கு 1/1 கிடைக்கிறது. அதே விலைக்கு 2/2 உயிரினம் எந்தத் தொகுப்பிலும் சாதாரணமாகக் கிடைக்கும். நான்கு மனாவுக்கு 2/2, ஆறு மனாவுக்கு 3/3 என்பதெல்லாம் டிராஃப்டில்கூட (புதிய பொதிகளைப் பிரித்து, கிடைத்த சீட்டுகளில் அங்கேயே கட்டு அமைத்து ஆடும் வகை) வாங்கத் தயங்கும் விலை. சேதம் விளைவிக்கும் சீட்டாகப் பார்த்தாலும் அப்படித்தான்: அதே ஈதர் ரிவோல்ட் தொகுப்பில் இருக்கும் ஷாக் ஒரு மனாவுக்கு 2 சேதம் தருகிறது, பலிஸ்டா அந்த 2 சேதத்துக்கு நான்கு மனா கேட்கிறது. இப்படி ஒவ்வொரு தட்டிலும் எடை குறைந்து நிற்கும் சீட்டு, ஸ்டாண்டர்டில் தொடங்கி மாடர்ன், வின்டேஜ், கமாண்டர் வரை எல்லா ஆட்ட வகைகளிலும் எப்படி இடம்பிடித்தது? பல வேலை செய்யும் சீட்டு என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடாமல், அந்தப் பல வேலைகளின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையபெட்டி எழுதியது:

உங்கள் கணக்கில் பிழை இல்லை. ஆனால் இந்தச் சீட்டை இறக்கும் கணத்தோடு கணக்கை முடித்துக்கொள்கிறீர்கள். அதன் வாழ்க்கை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இதன் மூதாதை டிரிஸ்கெலியன். 1994இல் ஆன்டிக்விட்டீஸ் தொகுப்பில் வந்த அந்த இயந்திரம், ஆறு மனாவுக்கு மூன்று கவுண்டர்களோடு இறங்கும் 1/1 உயிரினம். கவுண்டரைக் கழற்றிச் சுடும் ஆற்றல் சொல்லுக்குச் சொல் இதேதான். நாங்கள் ஆடிய காலத்தில் சண்டைச் சேதமும் ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருக்கும் செயல்களின் வரிசை) ஏறிக் காத்திருக்கும் என்பதால், டிரிஸ்கெலியனைக் கொண்டு தடுத்து, அதன் சேதம் ஸ்டாக்கில் ஏறிய பிறகு கவுண்டர்களையும் கழற்றிச் சுட்டுவிட்டு, அடியையும் கொடுத்து, குண்டையும் வீசி, அது சாவதைச் சிரித்துக்கொண்டே பார்ப்போம். 2009 ஜூலையில் மேஜிக் 2010 தொகுப்போடு வந்த விதி மாற்றம் அந்த வசதியை எடுத்துவிட்டது. இன்று பலிஸ்டா வைத்திருப்பவர், சேதம் விளைவதற்கு முன் சுடுவதா, சுடாமல் முட்டிக்கொள்வதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்த அளவில் இது மூதாதையைவிடச் சற்று ஏழைதான்.

ஆனால் டிரிஸ்கெலியன் கையில் இருந்தால் ஆறு நிலம் வரும்வரை அது வெறும் காகிதம். பலிஸ்டாவை இரண்டாம் முறையிலும் இறக்கலாம், பத்தாம் முறையிலும் இறக்கலாம். விலை கொடுத்து நாம் வாங்குவது அந்த உறுதியைத்தான். தொடக்கக் கையில் ஏழு சீட்டையும் விரித்துப் பார்க்கும்போது, எத்தனை சீட்டுகள் இந்த ஆட்டத்தில் கடைசிவரை செத்துக் கிடக்கக்கூடும் என்று எண்ணுங்கள். ஷாக்கும் அப்படிக் கிடக்கும், எதிராளியிடம் பெரிய உயிரினங்கள் மட்டுமே இருந்தால். இரண்டு மனா 2/2 உயிரினம் எட்டாம் முறையில் செத்த சீட்டுத்தான். பலிஸ்டா அப்படிக் கிடந்து நான் பார்த்ததே அரிது.

இரவல்டெக் எழுதியது:

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆயினும் "எப்போதும் பயன்படும்" என்ற புகழுரையை ஏற்பதற்கு முன், அது பயன்படாத இடங்களையும் எடுத்து வைப்பது நேர்மை.

டெக்கிலிருந்து உயிரினங்களை விலையின்றி நேரே களத்தில் இறக்கும் கலெக்டட் கம்பெனி வழியாக வந்தால் பலிஸ்டா கவுண்டர் ஏதுமின்றி 0/0 ஆகவே களத்தில் விழுந்து அப்போதே சாகிறது. களத்திலிருந்து நீக்கித் திருப்பிக் கொண்டுவரும் சீட்டுகளோடு சேர்த்தாலும் அதே கதி. களத்தில் எத்தனை பெரிதாக வளர்ந்திருந்தாலும் அதன் மனா மதிப்பு பூஜ்யம்தான் என்பதால், மதிப்பு இரண்டுக்கு மிகாத உயிரினத்தை அழிக்கும் ஃபேட்டல் புஷ் ஒரே மனாவில் அதைக் குறிவைத்துவிடும். இயந்திரச் சீட்டுகளின் ஆற்றல்களை முடக்கும் ஸ்டோனி சைலன்ஸ் களத்தில் இருந்தால் அது சுடவும் முடியாது, வளரவும் முடியாது. கொடுத்த விலைக்குப் பாதி உடல் உள்ள பொம்மையாக நிற்கும்.

என் கருத்தில், புதிதாக டெக் கட்டுபவர்கள் பல வேலை செய்யும் சீட்டுகளுக்கு மயங்குவது ஒரு நோய். டெக்குக்கு என்ன வேண்டும் என்று தெரியாதபோது, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் சீட்டு ஆறுதலாகத் தெரிகிறது. வேகமாக அடித்து ஆடும் டெக்கில் நான்கு மனாவுக்கு 2/2 இறக்கிவிட்டு, இதில் எவ்வளவு நெகிழ்வு பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் நான்.

சாம்பல்நரி எழுதியது:

இரவல்டெக் சொன்ன ஃபேட்டல் புஷ் உதாரணத்திலேயே விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. புஷ்ஷைக் கண்டதும் பலிஸ்டாவின் உரிமையாளர் எல்லாக் கவுண்டர்களையும் கழற்றிச் சுட்டுவிடுவார். எதிராளி ஒரு சீட்டைச் செலவழித்து, நாம் எப்படியும் செய்ய நினைத்த வேலையைச் சற்று முன்னதாகச் செய்யவைக்கிறார், அவ்வளவே. அதைக் கொன்று ஆதாயம் பார்க்க முடியாது.

மூன்றாம்நிலம் கேட்ட கணக்குக்கு ஆட்டத்திலிருந்தே ஒரு காட்சியைக் காட்டுகிறேன். 2017 தொடக்கத்தில் ஸ்டாண்டர்டை ஆட்டிவைத்தது சஹீலி ராய் என்ற பிளேன்ஸ்வாக்கர் (விசுவாசப் புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் ஆற்றல் காட்டும் துணைச் சீட்டு, புள்ளி தீர்ந்தால் போய்விடும்), ஃபெலிடார் கார்டியன் என்ற பூனை உயிரினம் ஆகியவற்றின் இணை. சஹீலி தன் விசுவாசத்தில் இரண்டைக் குறைத்து கார்டியனின் பிரதியை டோக்கனாக (சீட்டு இல்லாமல் களத்தில் நிற்கும் உயிரினம்) உருவாக்குவாள். அந்தப் பிரதி களத்துக்கு வந்ததும் சஹீலியை நீக்கித் திருப்பிக் கொண்டுவரும். புதிதாக வந்த சஹீலி மறுபடியும் பிரதி எடுப்பாள். நிறுத்த ஆளில்லாவிட்டால், அந்த முறையிலேயே எண்ணற்ற பூனைகள் பாய்ந்து ஆட்டம் முடிந்துவிடும். 2017 ஏப்ரல் 26 அன்று கார்டியன் தடைசெய்யப்படும்வரை இந்த அச்சம் ஒவ்வொரு மேசையிலும் இருந்தது.

என்னிடம் ஒரே ஒரு கவுண்டர் உள்ள பலிஸ்டா இருந்தது. எதிரில் சஹீலி, முந்தைய முறையிலேயே அவள் தன் விசுவாசத்தை நான்காக உயர்த்திக்கொண்டிருந்தாள். எதிராளி நான்காம் நிலத்தை வைத்து கார்டியனை இறக்கினார். அதைக் கொண்டு சஹீலியை அவர் புதுப்பிக்கவில்லை, ஏனென்றால் புதிதாக வந்தால் விசுவாசம் மூன்றாகக் குறையும், பிரதி எடுத்ததும் ஒன்றாகிவிடும், என் ஒரு குண்டுக்கு அது போதும். அவருக்குக் கணக்குத் தெரியும். நான்கிலிருந்து இரண்டைக் குறைத்துப் பிரதி எடுத்தார். இப்போது சஹீலியிடம் இரண்டு. பிரதியின் ஆற்றல் ஸ்டாக்கில் ஏறியது, இலக்கு சஹீலி. என் கை பலிஸ்டாவின் மேல் போனது. அங்கே சுட்டிருந்தால் தோற்றிருப்பேன்: இரண்டு ஒன்றாகும், அவள் போய்த் திரும்பி மூன்றோடு வருவாள், என்னிடம் குண்டு இருக்காது. கையை எடுத்துக்கொண்டேன். சஹீலி போனாள், மூன்றோடு வந்தாள், மீண்டும் இரண்டைக் குறைத்தாள். இப்போது அவளிடம் ஒன்று. இரண்டாம் பிரதியின் ஆற்றல் ஸ்டாக்கில் நிற்கும்போது சுட்டேன். அவளோடு சங்கிலி அறுந்தது. இரண்டு டோக்கன்களும் ஆளுக்கு 1 சேதம் அடித்துவிட்டு, முறை முடிவில் களத்தைவிட்டு நீங்கின.

இரண்டு மனா கொடுத்து இறக்கிய 1/1 அது. அதே இடத்தில் 2/2 கரடி (சாதாரண இரண்டு மனா உயிரினத்தை நாங்கள் அழைக்கும் பெயர்) நின்றிருந்தால் நான் சீட்டுகளைக் குலுக்கத் தொடங்கியிருப்பேன்.

விதிநூல் எழுதியது:

சாம்பல்நரியின் வரிசை சரியானதே. ஒரு குறிப்பு மட்டும்: அந்த நாட்களில் சீட்டில் அச்சிட்டிருந்த இலக்கு "உயிரினம் அல்லது ஆட்டக்காரர்" என்பதாகும், ஆட்டக்காரரைக் குறிவைத்து, சேதம் விளையும்போது அதை அவருடைய பிளேன்ஸ்வாக்கர் மீது திருப்புவதே வழி. 2018 ஏப்ரலில் டொமினேரியா தொகுப்போடு அந்தத் திருப்பும் விதி நீங்கி, நேராக எந்த இலக்கையும் சுடலாம் என்று வாசகம் மாறியது. பழைய அச்சுச் சீட்டை வைத்திருப்பவர்கள் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள்.

கவுண்டரைக் கழற்றுவது விலை, விளைவு அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விலை கொடுத்தாகிவிட்டால், பலிஸ்டாவே செத்துப்போனாலும் ஸ்டாக்கில் ஏறிய சேதம் விளைந்தே தீரும். டாப் செய்ய (சீட்டைப் பக்கவாட்டில் திருப்ப) வேண்டியதில்லை என்பதால் களத்துக்கு வந்த முறையிலேயே சுடலாம். இறக்கும்போது மட்டும் கவனம் தேவை: ஸ்டாக்கில் இருக்கையில் அதன் மனா மதிப்பு எக்ஸின் இருமடங்கு. ஆகவே, தன் கவுண்டர் எண்ணிக்கைக்குச் சமமான மனா மதிப்புள்ள சீட்டை முறிக்கும் சாலிஸ் ஆஃப் தி வாய்ட் இரண்டு கவுண்டரோடு எதிரில் இருந்தால், எக்ஸ் ஒன்று என்று இறக்கும் பலிஸ்டா முறிக்கப்படும். எக்ஸ் இரண்டு என்று இறக்கினால் அதே சாலிஸைத் தாண்டிவிடும்.

இரவல்டெக் எழுதியது:

காட்சி அருமை, என் பழைய தோல்விகளில் இரண்டை அது நினைவூட்டியதால் அதிகம் பாராட்ட மனமில்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: தாக்குதலுக்குப் பதில் சொல்லும் சீட்டாக அதன் மதிப்பு நான் நினைத்ததைவிட அதிகம்.

ஆனாலும் அதன் புகழில் பெரும்பங்கு அதனுடையது அல்ல, கூட்டாளிகளுடையது என்ற என் ஐயம் தீரவில்லை. பயோனியர் என்ற ஆட்ட வகையில் 2020 ஆகஸ்ட் 3 அன்று பலிஸ்டா தடைசெய்யப்பட்டது நெகிழ்வுக்காகவா? அல்ல. அந்த ஆண்டு ஜனவரியில் தீரோஸ் பியாண்ட் டெத் தொகுப்பில் வந்த ஹீலியாட், சன்-கிரவுண்ட் என்ற கடவுள் சீட்டுதான் காரணம். ஹீலியாட் இரண்டு மனாவுக்கு வேறோர் உயிரினத்துக்கு லைஃப்லிங்க் (அது விளைவிக்கும் சேதத்தின் அளவுக்கு நம் உயிர்ப்புள்ளி கூடும் ஆற்றல்) தருகிறார். நமக்கு உயிர்ப்புள்ளி கூடும்போதெல்லாம் ஒரு கவுண்டர் வைக்கிறார். இரண்டு கவுண்டர் உள்ள பலிஸ்டாவுக்கு லைஃப்லிங்க் கொடுத்து ஒன்றைக் கழற்றிச் சுட்டால், ஒரு புள்ளி உயரும், கழன்ற கவுண்டர் திரும்பி வரும், மறுபடி சுடலாம். எதிராளி சாகும்வரை இது நிற்காது. இப்படி ஒரு சீட்டு தடைசெய்யப்பட்டதை வைத்து அது தனியாகவே வலிமையானது என்று முடிவு கட்டக் கூடாது.

பழையபெட்டி எழுதியது:

கூட்டாளியின் பங்கை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு சீட்டுகள் சேர்ந்து ஆட்டத்தை முடிக்கும் இணைகளில், பாதி இணை தனியே கையில் வந்தால் என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான இணைகளில் ஒரு பாதி தனியே வந்தால் பாரம். பலிஸ்டா தனியே வந்தாலும் எதிராளியின் லானோவர் எல்வ்ஸ் போன்ற, மனா தரும் சிறு உயிரினங்களைச் சுட்டுக்கொண்டிருக்கும். ஹீலியாட் வந்தால் ஆட்டத்தை முடிக்கும். அந்த டெக்கின் வெற்றிக்கு அந்த இரட்டைப் பிழைப்பே காரணம் என்பேன். ஆகவே தடை அதன் நெகிழ்வுக்காகவும்தான்.

மாறாக ஓர் இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மைக்கேயஸ், தி அன்ஹாலோட் என்ற கமாண்டர் சீட்டோடு சேரும்போது பலிஸ்டாவைவிடக் கிழட்டு டிரிஸ்கெலியன்தான் மேல். மைக்கேயஸ் மனிதரல்லாத நம் உயிரினங்களுக்கு +1/+1 கொடுத்து, கவுண்டர் இல்லாமல் செத்தால் ஒரு கவுண்டரோடு திரும்ப எழச் செய்கிறது. டிரிஸ்கெலியன் கடைசி இரண்டு குண்டுகளைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு செத்து, நான்கு கவுண்டர்களோடு எழுந்து, இரண்டை எதிராளிக்கும் இரண்டைத் தனக்கும் என்று முடிவின்றிச் சுற்றும். பலிஸ்டா எழுந்தால் அதனிடம் இருப்பது ஒரே கவுண்டர்; தன்னைக் கொல்வதற்கே அது சரியாகிவிடும், எதிராளிக்கு மிச்சமில்லை. பேரப்பிள்ளை எல்லாவற்றிலும் தாத்தாவை விஞ்சிவிடவில்லை.

இனி விலைக்கு வருகிறேன். மூன்றாம்நிலம், நீங்கள் ஒரு மனாவை எல்லா டெக்கிலும் ஒரே நாணயமாக வைத்து எண்ணுகிறீர்கள். மாடர்னில் உர்சாவின் மூன்று நிலங்களும் சேர்ந்தால் மூன்றாம் முறையிலேயே ஏழு மனா வரும். அங்கே ஆறு மனா கொடுத்து மூன்று கவுண்டரோடு பலிஸ்டாவை இறக்குவது யாருக்கும் வலிக்காது. வேகமான சிறு உயிரினங்களிடம்தான் அந்த டெக் மாட்டிக்கொள்ளும், அவற்றையே இது சுடுகிறது. வின்டேஜில் மிஷ்ராஸ் வொர்க்ஷாப் என்ற நிலம் மூன்று மனா தருகிறது, இயந்திரங்களை இறக்குவதற்கு மட்டும். விலையின்றி இறங்கி ஒரு மனா தரும் மாக்ஸ் ஒன்று சேர்ந்தால் முதல் முறையிலேயே எக்ஸ் இரண்டு. அந்த மனாவை நான்கு மனா ஆற்றலுக்குச் செலவழிக்க முடியாது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். அந்த வொர்க்ஷாப்பும் டிரிஸ்கெலியன் வந்த அதே ஆன்டிக்விட்டீஸ் தொகுப்பில் வந்ததுதான் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

மனா மலிவான இடம் ஒன்று. கவுண்டர் மலிவான இடம் இன்னொன்று. வைண்டிங் கன்ஸ்ட்ரிக்டர் பாம்போ ஹார்டன்ட் ஸ்கேல்ஸோ களத்தில் இருந்தால், ஒவ்வொரு முறை கவுண்டர் வைக்கும்போதும் ஒன்று கூடுதலாக விழும். அப்போது இரண்டு மனாவுக்கு 2/2, நான்கு மனாவுக்கு 3/3, பின்னர் ஏற்றும் நான்கு மனாவுக்கு இரண்டு கவுண்டர். நீங்கள் தொடக்கத்தில் சொன்ன கரடியின் விலை வந்துவிட்டதா? அந்தக் கரடி சுடவும் செய்யும். இரவல்டெக் தோற்ற கதையில் மனாவும் மலிவாக இல்லை, கவுண்டரும் மலிவாக இல்லை. சிறு உயிரினங்கள் எதிரில் இருந்தனவா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இரவல்டெக் எழுதியது:

இல்லை ஐயா. எதிரில் 4/4 ஒன்று நின்றிருந்தது.

மூன்றாம்நிலம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் பிழை எங்கே என்று இப்போது தெரிகிறது: ஒவ்வொரு அளவிலும் அதை ஒரே ஒரு மாற்றோடு ஒப்பிட்டேன், ஆனால் டெக்கில் ஓர் இடத்தில் ஷாக்கையும் கரடியையும் ஆறு மனா இயந்திரத்தையும் ஒருசேர வைக்க முடியாது. நான் ஆடுவது பச்சை நிறத்தில் ஹார்டன்ட் ஸ்கேல்ஸை மையமாகக் கொண்ட மாடர்ன் டெக். பலிஸ்டாவை இரண்டு மட்டும் வைத்திருந்தேன். நான்காக உயர்த்த எண்ணுகிறேன். அதற்காக எதை எடுப்பது என்று புரியவில்லை. ஹேங்கர்பேக் வாக்கர் நான்கு வைத்திருக்கிறேன். அதுவும் இதே இரட்டை எக்ஸ் விலைதான். அதைக் குறைக்கலாமா?

சாம்பல்நரி எழுதியது:

குறைக்காதீர்கள். வாக்கர் சாகும்போது கவுண்டர் எத்தனையோ அத்தனை பறக்கும் தாப்டர்களை (1/1 குட்டி இயந்திரங்கள்) விட்டுச்செல்லும்; களத்தைத் துடைக்கும் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அது தலைவலி. பலிஸ்டா சிறு உயிரினக் கூட்டத்துக்குத் தலைவலி. இரண்டும் ஒரே விலைச்சீட்டு ஒட்டிய வெவ்வேறு சரக்கு. ஸ்கேல்ஸ் இல்லாமல் தனியே தடுமாறும் சீட்டு உங்கள் டெக்கில் எது என்று பாருங்கள். அதிலிருந்து இரண்டை எடுங்கள். உங்கள் எதிராளிகளில் பெரிய உயிரினங்களை இறக்குபவர்களே அதிகம் என்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்வதும் குற்றமில்லை.

விதிநூல் எழுதியது:

நான்கோ மூன்றோ, கவுண்டர்களைப் பகடை வைத்து எண்ணாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். நான்கைக் காட்டும் பகடையை மூன்றுக்கும் பின் இரண்டுக்கும் திருப்பிக்கொண்டே இலக்குகளைச் சொல்லும்போது, எது சுட்டாயிற்று, எது இன்னும் ஸ்டாக்கில் நிற்கிறது என்று இரு தரப்புக்கும் சச்சரவு வருகிறது. நான் புளியங்கொட்டை வைத்துக்கொள்கிறேன். சுடும்போது ஒரு கொட்டையை எடுத்து இலக்கின் மேலேயே வைத்துவிடுவேன். சேதம் விளைந்ததும் எதிராளியே அதை எடுத்து என் பக்கம் தள்ளிவிடுவார். மூன்று குண்டுகள் மூன்று இடங்களுக்குப் போனாலும் எல்லாம் மேசையில் கண்ணெதிரே இருக்கும். கறுப்பு விரிப்பில் மட்டும் தெரியாது. அதற்குச் சோழி இருக்கிறது.